காயம் ஆற்றும் உணவு

 

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு (கி.பி. 625) உஹதுப் போரில் நபி (ஸல்) அவர்களின் திருமுகம் காயமுற்றது. அலீ (ரலி) அவர்கள் கேடயத்தில் நீர் கொணர்ந்து ஊற்ற, ஃபாத்திமா (ரலி) அவர்கள் கழுவினார்கள். இரத்தம் நிற்கவில்லை. பாயின் துண்டொன்றை எரித்து, அதன் சாம்பலை வைத்த பின்னரே நின்றது. பயான்களில் பலமுறை கேட்ட நிகழ்ச்சிதான் இது. ஆனால், இரத்தம் நின்றபின் சதை எதனால் வளர்கிறது என்று நாம் சிந்திப்பதில்லை.

நோயுற்றோருக்கும் துயருற்றோருக்கும் தல்பீனா எனும் வாற்கோதுமைக் கஞ்சியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கொடுக்கச் சொல்லிவந்தது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. உணவையும் சிகிச்சையாகக் கருதிய இம்மரபு பிற்கால மருத்துவமனைகளிலும் தொடர்ந்தது. 1154இல் நூருத்தீன் ஸங்கி டமாஸ்கஸில் மருத்துவமனை ஒன்றை நிறுவினார். 1184இல் அந்நகருக்கு வந்த பயணி இப்னு ஜுபைர், அங்கு மருத்துவர்கள் அதிகாலையிலேயே நோயாளிகளைப் பார்வையிட்டு, அவரவர்க்கேற்ற மருந்தையும் உணவையும் தயாரிக்கக் கட்டளையிட்டதை எழுதியுள்ளார். மருந்துச் செலவோடு உணவுச் செலவும் பதிவேட்டில் ஏறியது! சுல்தான் கலாவூன் 1284இல் கெய்ரோவில் எழுப்பிய மருத்துவமனையில் காயம்பட்டோருக்குத் தனிக்கூடம் இருந்தது, சமையற்கூடமும் இருந்தது.

இதன் காரணம் பிற்காலத்தில் விளங்கிற்று. 1939இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் கிராண்டன் எனும் இளம் அறுவை மருத்துவர், வைட்டமின் சி அறவே இல்லாத உணவைத் தாமே பல மாதங்கள் உண்டு சோதித்தார். மூன்றாம் மாதம் அவர் உடலில் இட்ட வெட்டு வழக்கம்போல் ஆறியது. ஆறாம் மாதம் இட்ட வெட்டோ, மேல்தோல் மூடியும் உள்ளே கூடவில்லை. வைட்டமின் சி செலுத்திய பின்னரே கூடியது. உண்ணும் புரதத்தைக் கொண்டே உடல் புதுச் சதைக்கான நாரை நெய்கிறது. அந்நாருக்கு உறுதி தருவது வைட்டமின் சி.

நம் வீடுகளில் நடப்பதென்ன? அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தவரிடமிருந்து முதலில் பறிக்கப்படுவது முட்டையும் மீனும்தான். ‘சீழ் வைத்துவிடும்’ என்கிறார்கள். நலம் விசாரிக்கச் சென்ற வீடுகளில், ஆறாத புண்ணோடு ரசச் சோறு மட்டும் உண்டிருந்தவர்களைக் கண்டு வருந்தியிருக்கிறேன். சீழ் கிருமியால் வருவது, முட்டையால் அன்று. முட்டை, மீன், பருப்பு, பால் ஆகியன புரதம் தருவன. நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் வைட்டமின் சி நிறைய உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தின் அளவையும், சர்க்கரை நோயாளிகள் பழத்தின் அளவையும் மருத்துவரிடம் கேட்டறிந்து உண்ண வேண்டும்.