லேடீஸ் சீட்டும் சேர்வராயன் குகையும்

மே மாசம் பொறந்தா எங்க வீட்டுக்கு விருந்தாளி வரத்து ஆரம்பிச்சுடும். மக, மாப்பிள்ளை, பேரன் மூணு பேரும் சென்னையில இருந்து வந்து எறங்குவாங்க. ரெண்டு நாள் கெணத்துல குளிப்பாங்க, நுங்கு தின்பாங்க. மூணாவது நாள் காலையில மாப்பிள்ளை மெதுவா கேப்பாரு: "மாமா, ஏற்காடு போயிட்டு வந்துடலாமா?"

ஓமலூர்ப் பக்கம் தோட்டம் வெச்சிருக்கிறவனுக்கு அது தினமும் கண்ணு முன்னாடி நிக்கிற மலை. உச்சியில மேகம் உக்காந்திருந்தா விதையை எடுத்து வெப்போம். மலை வெளுத்துக் கெடந்தா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வேற வேலை பாப்போம். அவ்வளவு பழக்கம். ஆனா போன வருஷம் பேரன் கேட்ட ஒரு கேள்வியில, எனக்கு அந்த மலையைப் பத்தி எவ்வளவு கொஞ்சமா தெரியும்னு புரிஞ்சுது.

சேலம் அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு பலகை வெச்சிருக்காங்க. பேரன் எண்ணிக்கிட்டே வந்து பதினாலாவதுல வாந்தி எடுத்தான். மேல போனா ஏரியில படகு, அண்ணா பூங்காவுல மலர்க் கண்காட்சி, மிளகாய் பஜ்ஜி. எல்லாம் முடிச்சுட்டு லேடீஸ் சீட் போனோம். அங்க இருந்து பாத்தா சேலம் டவுன் மொத்தமும் கொட்டி வெச்ச சோளம் மாதிரி தெரியும். பையன் பாறையைத் தொட்டுப் பாத்துட்டுக் கேட்டான், "தாத்தா, எந்த லேடி உக்காந்தாங்க?"

யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரைசானி சாயங்காலம் இங்க வந்து உக்காந்து சூரியன் விழறதைப் பாப்பாங்கன்னு ஊர்ல சொல்வாங்க. பேரு கெடையாது. பக்கத்துல ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட்னு ரெண்டு பாறை வேற. அப்பறம் ஆர்தர் சீட்டுன்னு ஒண்ணு. அதே பேர்ல ஸ்காட்லாந்துல எடின்பரோ பக்கம் ஒரு குன்று இருக்கு. நாம இன்னைக்கு "பாக்க வேண்டிய எடம்"னு சுத்துற பாதையில பாதிக்கு மேல, ஊர் ஞாபகம் வந்து வாடுன அந்த ஆளுங்க சாயங்காலம் காத்து வாங்கப் போட்டுக்கிட்ட பாதை.

அவங்க எப்ப வந்தாங்கங்கிறதுல ஒரு தப்புக் கணக்கு ஊரெல்லாம் சுத்துது. 1842-ல சர் தாமஸ் மன்ரோ வந்து ஏற்காட்டைக் கண்டுபிடிச்சாருன்னு பல எடத்துல எழுதியிருக்கும். மன்ரோ 1827-லயே காலராவுல செத்துப்போயிட்டாரு. செத்தவரு பதினஞ்சு வருஷம் கழிச்சு மலையேறி வரமாட்டாரு. அவருக்கும் நம்ம பக்கத்துக்கும் சம்பந்தம் உண்டு, அது நிஜம். 1792-ல திப்பு சுல்தான்கிட்ட இருந்து பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்குப் போனப்ப, கர்னல் ரீடுக்கு உதவியா இங்க வேலை பாத்த இளம் அதிகாரி அவரு. நடுவுல ஜமீன்தார் இல்லாம குடியானவன்கிட்டயே நேரா வரி வாங்குற ரயத்துவாரி முறையை இந்த மண்ணுலதான் பழகிப் பாத்தாங்க. எங்க வீட்டுப் பொட்டியில இருக்குற பட்டாவோட வேரு அங்க இருக்கு. ஆனா ஏற்காட்டை ஏற்காடா ஆக்குனவரு வேற ஆளு. 1820-ல இருந்து 1829 வரைக்கும் சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன். காபியையும் பேரிக்காயையும் இன்னும் பல பழ மரங்களையும் மலைக்குக் கொண்டுவந்து வெச்சவரு அவருதான். அவரோட கிரேஞ்ச் எஸ்டேட் இன்னமும் இருக்கு.

ஒரு விவசாயியா அந்தக் காபித் தோட்டத்தைப் பாக்கறப்ப எனக்குப் பாதி பொறாமை, பாதி வருத்தம். நெழலுக்கு ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த சில்வர் ஓக், அது மேல மிளகுக் கொடி, நடுவுல ஆரஞ்சு. ஒரு துளி எடம் வீணாப் போகல. அதே சமயம், சாமையும் தெனையும் கேழ்வரகும் வெளஞ்ச சரிவும், காடா இருந்த சரிவும்தானே அப்படித் தோட்டமா மாறுச்சு. அதுல உழுதவங்க பாதிப் பேரு அடுத்த தலைமுறையில அங்கயே கூலிக்குப் போனாங்க.

மாப்பிள்ளை ரெண்டு வருஷம் இங்கிலாந்துல வேலை பாத்தவரு. டீ குடிச்சுக்கிட்டே அவரு சொன்னது மனசுல நின்னுடுச்சு. அங்க ஞாயித்துக்கிழமை ஆனா சனங்க கிராமத்துப் பக்கம் இருக்குற பழைய ஜமீன் பங்களாவுக்குக் குடும்பத்தோட போவாங்களாம். டிக்கெட் வாங்கி, சமையக்கட்டு வரைக்கும் பாத்து, தோட்டத்துல புள்ளைங்களை ஓடவிட்டு, கேக் தின்னுட்டு வருவாங்களாம். 1895-ல ஆரம்பிச்ச நேஷனல் டிரஸ்ட்னு ஒரு அமைப்பு 200-க்கு மேல அப்படிப்பட்ட வீடுகளை வெச்சுக் காப்பாத்துது. "அந்த வீட்டுல யாரு வேலை செஞ்சாங்க, காசு எங்க இருந்து வந்துச்சுன்னு இப்பல்லாம் பலகையில எழுதி வெக்கிறாங்க மாமா"ன்னாரு. நம்ம லேடீஸ் சீட் பலகையில என்ன எழுதியிருக்குன்னு திரும்பிப் பாத்தேன். குப்பை போடாதீர்னு இருந்துச்சு.

ஏரியில இருந்து அஞ்சாறு கிலோமீட்டர்ல சேர்வராயன் கோயில். போற வழியில மண்ணு செக்கச்செவேல்னு மாறும். அது பாக்சைட். 1965-ல மேட்டூர்ல அலுமினிய ஆலை வந்ததுக்கு அப்பறம் இந்த மலையை வெட்டி லாரி லாரியா எறக்குனாங்க. நாம வீட்டுல வெச்சிருக்குற அலுமினியச் சட்டியில சேர்வராயன் தலையில இருந்த மண்ணு கொஞ்சம் இருந்தாலும் இருக்கும்.

கோயில் 5,326 அடி உசரத்துல. கோபுரத்தைத் தேடிப் போனா ஏமாந்துடுவீங்க. மேசை மாதிரி தட்டையான வெளி, துண்டைப் பறிக்கிற காத்து, அதுல ஒரு குகை. தலையைக் குனிஞ்சு, முதுகை மடக்கித்தான் உள்ள போகணும். இருட்டுல வெளக்கு வெளிச்சத்துல ரெண்டு சாமி. சேர்வராயன், பக்கத்துல காவேரி அம்மன். சேர்வராயன்னா இந்த மலை. காவேரின்னா அந்த ஆறு. குகைக்குள்ள இருந்து காவேரி வரைக்கும் சொரங்கம் போகுதுன்னு சொல்வாங்க. சிரிக்காதீங்க. எங்க ஓமலூர் வழியா ஓடுற சரபங்கா ஆறு இந்த மலையிலதான் பொறக்குது, எடப்பாடிப் பக்கம் போய்க் காவேரியில சேருது. சேலம் ஊருக்குள்ள போற திருமணிமுத்தாறும் இங்க பொறந்து காவேரிக்குப் போறதுதான். மலைக்கும் ஆத்துக்கும் கல்யாணம் பண்ணி வெச்சு ஒரே குகையில உக்கார வெச்சவங்களுக்கு, சர்வே பண்ண வந்த எந்தத் துரைக்கும் முன்னாடியே நீரோட்டம் தெரிஞ்சிருக்கு.

அந்த சனங்களைத்தான் மலையாளிங்கன்னு சொல்றோம். கேரளாக்காரங்கன்னு நெனச்சுடாதீங்க, என் மக கூட அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தா. மலையை ஆளுறவங்க மலையாளி. பேசறது தமிழ். காஞ்சிபுரத்துல இருந்து மூணு அண்ணன் தம்பிங்க கெளம்பி வந்து மலைக்கு ஒருத்தரா குடியேறுனாங்க, மூத்தவரு பெரியண்ணன் சேர்வராயனுக்கு வந்தாருங்கிறது அவங்க வழிவழியாச் சொல்ற கதை. ஏற்காட்டைச் சுத்தி 67 மலைக் கிராமம் சொல்வாங்க. மே மாசத் திருவிழாவுக்கு அத்தனை ஊர் சனமும் இந்த வெளிக்கு வந்துடும். தேர் நகர்றப்ப வெளஞ்ச மிளகையும் காசையும் அது மேல வீசுவாங்க. மலையில இருக்குற பகோடா பாயின்ட்ல கல்லைக் கூம்பாக் குவிச்சதும் இவங்கதான். கல்லு இவங்களோடது, பேரு துரையோடது.

இதுவரைக்கும் சொன்னது ஊருக்கு. இனிமேல் சொல்றது என் வீட்டு விஷயம்.

எங்க தாத்தா வருஷத்துக்கு ஒருக்கா வெதைப்புக்கு முன்னாடி இந்தக் கோயிலுக்கு நடந்தே ஏறுவாரு. காட்டுப் பாதை, வெறுங்காலு. மடியில ஒரு படி கேழ்வரகு. கொண்டுபோய்க் குகை வாசல்ல கொட்டிட்டு, ஒரு கைப்பிடி மட்டும் திரும்ப எடுத்துக்கிட்டு வந்து வெதையோட கலப்பாரு. அப்பாவும் கொஞ்ச வருஷம் போனாரு. போர் போட்டதுக்கு அப்பறம் நிறுத்திட்டாரு. தண்ணி மலையில இருந்து வருதுங்கிறதை மோட்டார் மறக்கடிச்சுடுச்சுன்னு நெனைக்கிறேன். நான் ஒரு தடவை கூடக் கேழ்வரகோட வந்ததில்ல. நாப்பது வருஷமா வந்திருக்கேன், எல்லாம் விருந்தாளிங்களோட, கார்ல. பத்து நிமிஷம், ஒரு போட்டோ, கெளம்பு.

அன்னைக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும். பேரன் குகைக்குள்ள போனவன் வெளிய வர்ல. உள்ள எட்டிப் பாத்தேன். பாறையில காதை வெச்சுக்கிட்டு நின்னான். "என்ன கண்ணு?"ன்னேன். "காவேரி சத்தம் கேக்குதான்னு பாக்கறேன் தாத்தா."

வாசல்ல உக்காந்திருந்த மலையாளிப் பெரியவரு சிரிச்சாரு. எந்த ஊருன்னு கேட்டாரு. சொன்னேன். "ஓமலூர்ப் பக்கமா? அந்தக் காலத்துல கீழ இருந்து நெறையப் பேரு தானியம் கொண்டாருவாங்க. இப்ப யாரும் வர்றதில்லீங்களே"ன்னாரு. எனக்குப் பதில் வர்ல. பக்கத்துக் கடையில கால் கிலோ மிளகு வாங்கி, அதுல ஒரு கையை வாசல்ல வெச்சேன். என் காட்டுல வெளையாத மிளகு அது. பெரியவரு ஒண்ணும் சொல்லல.

எறங்குறப்ப பேரன் வளைவை இருபதுல இருந்து பின்னாடி எண்ணிக்கிட்டே வந்து தூங்கிட்டான். ஓமலூர்ப் பாலத்துல காரை நிறுத்தச் சொல்லிக் கீழ பாத்தேன். சரபங்காவுல மணல் இருந்துச்சு, சீமைக் கருவேலம் இருந்துச்சு, நடுவுல ஒரு கோடு மாதிரி தண்ணி.

இந்த வருஷம் ஒரு படி கேழ்வரகைத் தனியா கட்டி வெச்சிருக்கேன். மாப்பிள்ளை கார் இருக்கட்டும், குப்பனூர்ப் பக்கமா நடந்து ஏற முடியுமான்னு விசாரிச்சுக்கிட்டு இருக்கேன். முழங்கால்தான் ஒத்துக்கணும்.