தென்னார்க்காட்டின் பிரெஞ்சுத் திட்டுகள்

ஆங்கிலேயர் ஆண்ட தென்னார்க்காடு மாவட்டத்தில், விழுப்புரத்துக்குக் கிழக்கேயும் திண்டிவனத்துக்குத் தெற்கேயும் சிதறிக் கிடந்த பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளே இத்திட்டுகள். புதுச்சேரி நகரத்தோடு வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு, காலாப்பட்டு முதலியவை இவற்றில் அடங்கும். பலவற்றைச் சுற்றி எல்லாப் பக்கமும் வேற்றாட்சியின் வயல்களே இருந்ததால், கடலில்லாத தீவுகளாகவே இவை வாழ்ந்தன.

பிரான்சுவா மர்த்தேன் 1674இல் புதுச்சேரியில் காலூன்றினார். 18ஆம் நூற்றாண்டின் நடுவில், ஆளுநர் துய்ப்ளெக்சு காலத்தில், வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. 1761இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்து இடித்தனர். அதன்பின் ஒவ்வொரு போரிலும் பறிபோய், ஒவ்வோர் உடன்படிக்கையிலும் திரும்பி வந்த நிலம் இது. 1814ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கைப்படி 1816 டிசம்பரில் கடைசியாகப் பிரான்சிடம் திரும்பியபோது கோட்டை கட்டவும், காவல் தேவைக்கு மேல் படை வைக்கவும் தடை இருந்தது. ஆகவே பிரெஞ்சு அரசுக்கு எஞ்சியவை நிர்வாகமும் வணிகமும்தாம். அவற்றிலும் ஆங்கிலேயர் கை நுழைந்தது. உப்பு வணிகத்தைத் தம் ஏகபோகமாக்க 1815இல் ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் தர ஒப்புக்கொண்டனர். 1818இல் பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு விளைவிப்பதையே நிறுத்தச் செய்தனர்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி இங்கிருந்து செனகல் வரை போனது. பிற்பகுதியில் அந்த இடத்தை நிலக்கடலை பிடித்தது. இவ்வட்டாரத்தார் மல்லாட்டை என்பது அதைத்தான். மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் கடலைப் பருப்பு மூட்டை மூட்டையாகத் தேவைப்பட்டது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துச் செம்மண் மானாவாரிக் காடுகள் அதற்கு வாகாக இருந்தன. வளவனூர் பெரிய கடலைச் சந்தையாயிற்று. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு இரயில் பாதை திறந்ததும் மாட்டு வண்டிகள் சுமந்த சரக்கு வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் வழியாகக் கடற்கரை சேர்ந்தது. கப்பல்கள் கரைக்கு எட்டி நங்கூரமிட்டதால் படகுகளே மூட்டைகளைக் கொண்டுபோய் ஏற்றின. 1890களின் இறுதியில் விளைச்சல் சரிந்தது; மொரீஷியஸ், மொசாம்பிக் எனப்பட்ட வெளிநாட்டு விதை வந்தபின் சாகுபடி மீண்டது. பின்னாளில் திண்டிவனத்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. 2 (1940) எனும் கடலை ரகம் இந்தியா முழுவதும் பரவியது. ஏற்றுமதிப் புகழ் புதுச்சேரிக்குப் போயிற்று. நிலமும் உழைப்பும் ஆங்கிலேயப் பகுதி உழவருடையவை. புதுச்சேரி வரலாற்று நூல்களில் அவர்களுக்குரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இவ்வணிகத்துக்குப் பணம் புரட்டியவற்றுள் ஒன்று இந்தோசீன வங்கி. 1875இல் தொடங்கி 1877இல் புதுச்சேரியில் கிளை திறந்து ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. இதே வங்கி பிறகு பசிபிக் தீவுகளில், நியூ கலிடோனியாவின் நூமியாவிலும் தாகித்தியின் பப்பீட்டிலும் கிளை வைத்து நோட்டடித்தது. சின்னஞ்சிறு குடியேற்றங்களைப் பிரான்சு ஒரே கயிற்றில் கட்டிய விதம் இதில் தெரிகிறது.

சரக்கோடு மனிதரும் போயினர். 1860ஆம் ஆண்டின் ஆங்கில–பிரெஞ்சு ஒப்பந்தம் ஆங்கிலேய ஆட்சிப் பகுதி மக்களையும் ரியூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏற்ற வழிவிட்டது. அங்கே அவர்கள் நடத்தப்பட்ட கொடுமையால் 1882இல் ஆங்கிலேய அரசு அதை நிறுத்தியது.

1880இல் கொம்யூன் எனும் நகராட்சி முறை வந்தது. மேயர், தேர்தல், பாரிசு நாடாளுமன்றத்தில் இடம் என்று வரப்புக்கு அப்பால் இல்லாத உரிமைகள் இங்கே இருந்தன. வாக்குப் பெட்டிகளை அடியாட்கள் கைப்பற்றுவதும் வழக்கமாகவே இருந்தது. ஆங்கிலேயர் கைக்கு எட்டாத மண் என்பதால் 1908இல் பாரதியார் 'இந்தியா' இதழைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தார்.

சுங்கம்தான் தீராத வழக்கு. 1941இல் இரு ஆட்சிகளும் சுங்க ஒன்றியம் அமைத்தன. 1949இல் அது முறிந்தது. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு வந்தபின் சாராயமும், அதோடு தங்கமும் கைக்கடிகாரமும் எல்லைகளில் கள்ளத்தனமாக ஓடின. இந்திய அரசு சோதனைகளை இறுக்கியபோது திட்டுகளில் வாழ்ந்த எளியவர்களே மிகுதியும் அல்லற்பட்டனர்; சந்தைக்குப் போகவும் எல்லை கடக்க வேண்டியிருந்தது. 1954 மார்ச் இறுதியில் புதுச்சேரி அரசியல் தலைவர் எதுவார் குபேரும் அவரைச் சேர்ந்தோரும் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏற்றினர். அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைப்புக்கு வாக்களித்தனர். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16இல் நிறைவேறியது.

எல்லைக் கோடுகள் மட்டும் அப்படியே நின்றன. புதுச்சேரி நகரிலிருந்து கடற்கரைச் சாலையில் காலாப்பட்டுக்குப் போக இன்றும் விழுப்புரம் மாவட்டத்துக் கோட்டக்குப்பத்தைக் கடக்க வேண்டும். நீரும் அக்கோடுகளைக் கடக்கிறது: 1950களின் இறுதியில் சங்கராபரணி ஆற்றில் கட்டிய வீடூர் அணை 3,200 ஏக்கருக்குப் பாய்கிறது. அதில் 1,000 ஏக்கர் புதுச்சேரிக்கு உரியது.