ஹைரெசிஸ்: ஒரு சொல்லின் வரலாறு

ஒரு கூட்டத்தினுள் எழும் பிரிவைக் குறிக்கும் ஹைரெசிஸ் என்னும் கிரேக்கச் சொல், ஆதியில் ‘தெரிந்துகொள்ளுதல்’ என்றே பொருள்பட்டது. பின்னர், ஒருவர் தெரிந்துகொண்ட தத்துவக் கொள்கையினரையும் அது குறிக்கலாயிற்று. முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், பரிசேயர், சதுசேயர், எஸ்ஸேனர் ஆகியோரை இச்சொல்லாலேயே பழிப்பின்றிக் குறிப்பிடுகிறார்.

அப்போஸ்தலருடைய நடபடிகளில் சதுசேயருக்கும் (5:17), பரிசேயருக்கும் (15:5), தெர்த்துல்லுவின் வாயில் நசரேயருக்கும் (24:5) வழங்குவது இச்சொல் ஒன்றே. நம் சபைகளில் வழங்கிவரும் தமிழ் வேதாகமமோ முன்னிருவர்க்குச் ‘சமயம்’ என்றும், நசரேயருக்கு ‘மதபேதம்’ என்றும் பெயர்த்துள்ளது. மூவரும் ஒரே பெயரால் அழைக்கப்பட்ட உண்மை இதனால் மறைந்துவிடுகிறது. பவுல் அப்பெயரைத் தம்முடையதாகக் கொள்ளாமல், ‘மார்க்கம்’ என்றே சொல்லுகிறார் (24:14).

ஆயினும் அவரே கலாத்தியர் 5:20இல் இச்சொல்லை மாம்சத்தின் கிரியைகளில் ஒன்றாக எண்ணுகிறார். அங்கே குற்றம் சகோதரரைப் பிரிக்கும் கட்சி மனப்பான்மையே. ஏறத்தாழ கி.பி. 180இல் ஐரேனியஸ் எழுதியபோதோ, அது கள்ளப்போதகத்தின் பெயராக நிலைபெற்றிருந்தது.

ஆதித் திருச்சபையும் பிறரால் இப்பெயர் சூட்டப்பட்டதே. ஆகவே, பிற சபையாரை அவ்வாறு அழைக்குமுன், நாம் காண்பது போதனையின் புரட்டா, நமக்குப் பழகாத வழக்கமா என்று ஆராய்வது நம் கடமையாகும்.