முற்றம் எந்தப் பக்கம்?

பள்ளியில் இலக்கணப்போலி படித்தவர்கள் ‘முன்றில்’ என்ற சொல்லை ஒரு தேர்வுக்காவது மனப்பாடம் செய்திருப்பார்கள். இல்முன் என்று வரவேண்டியது முன்பின்னாக மாறி முன்றில் ஆயிற்று. கூடவே வாய்க்காலையும் புறநகரையும் எழுதிவைத்தால் மதிப்பெண் கிடைக்கும். அதன்பிறகு அந்தச் சொல்லை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தொல்காப்பியர் பார்த்திருக்கிறார். எழுத்ததிகாரத்தில் இந்த ஒரு சொல்லுக்காகவே நூற்பா ஒன்று வைத்து, முன் என்பதையடுத்து இல் வரும்போது நடுவில் றகரம் தோன்றுவதைச் சொல்கிறார். தொன்றுதொட்டு மருவி வந்த வழக்கு அது என்றும் சேர்க்கிறார். அவருக்கே அது பழைய சொல்.

வீட்டுக்கு முன்னால் கிடக்கும் வெளிதான் முன்றில். அங்கே என்ன நடந்தது என்பதற்குப் புறநானூற்றின் 320ஆம் பாட்டு நல்ல சாட்சி. முன்னைக்கொடியும் முசுண்டையும் அடர்ந்து படர்ந்ததால் பந்தலுக்கே வேலையில்லாத நிழல். அதில் வேட்டுவன் ஒருவன் அசந்து தூங்குகிறான். விரித்த மான்தோலில் தினை காய்கிறது. பறவைகள் வந்து அதைக் கொத்துகின்றன. நிழல், தூக்கம், காயவைத்தல், காவல் இல்லாத நேரத்தில் பறவை. மிளகாயும் வற்றலும் காய்ந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பட்டியலில் புதிதாக ஒன்றும் இருக்காது.

சொந்தப் பெயர் மறைந்து, ஒரு முன்றிலின் பெயரால் மட்டுமே நிற்கும் புலவரும் ஒருவர் உண்டு. குறுந்தொகை 41ஐப் பாடியவர் அணிலாடு முன்றிலார். தலைவன் உடனில்லாத நாளில் தன் நிலை எப்படியிருக்கிறது என்று சொல்லவந்த தலைவி, ஆட்கள் விட்டுப்போன வீட்டின் முன்றிலில் அணில்கள் விளையாடுவதைக் காட்டுகிறாள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பூட்டிய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த உவமைக்கு உரை தேவைப்படாது.

முன்றிலின் காலத்திலேயே முற்றமும் இருந்தது. நெடுநல்வாடையில் நக்கீரர் பாண்டியனின் அரண்மனையைக் காட்டும்போது, நிலவை அனுபவிப்பதற்கென்றே அமைந்த உயர்ந்த வெள்ளை முற்றம் ஒன்று வருகிறது. நிலாமுற்றம் என்று நாம் இன்றும் சொல்வதன் மூத்த பாட்டி அது. ஆனால் அந்த இடத்தில் என் கண் போவது நிலவின்மேல் அன்று. முற்றத்தில் விழுந்த மழை, மகர மீனின் பிளந்த வாய்போலச் செய்த அம்பணங்கள் வழியாக அருவியாகக் கொட்டுகிறது. அம்பணம் என்றால் நீர் போகும் தூம்பு. முற்றத்தைச் சொன்ன கையோடு தண்ணீர் போகும் வழியையும் சொல்லிவிடுகிறார் புலவர்; நல்ல மேஸ்திரியின் புத்தி.

முற்றம் எங்கிருந்து வந்தது? முன் என்ற வேரோடு சேர்ப்பது ஒரு வழி: முன்னால் இருப்பது முற்றம். முற்றுதல், அதாவது சூழ்தல், வளைத்தல் என்ற வினையோடு சேர்ப்பது இன்னொரு வழி: நாற்புறமும் சூழப்பட்டது முற்றம், முற்றுகையின் உறவு. செட்டிநாட்டு வீட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் இரண்டாவதுதான் பொருத்தமாகத் தோன்றும். எனக்கு முதலாவதுதான் சரியென்று படுகிறது. காரணம் அகராதியில் இல்லை, பேச்சில் இருக்கிறது. திருநெல்வேலியிலும் கன்னியாகுமரியிலும் காலையில் தெளித்துப் பெருக்குகிற வாசல்வெளிக்கு முற்றம் என்று பெயர். (பேச்சில் அது ‘முத்தம்’ ஆகிவிடும். “முத்தம் தெளிச்சாச்சா?” என்று மாமியார் கேட்பதைச் சென்னைக்காரர் கேட்டால் திடுக்கிடுவார்.) யாழ்ப்பாணத்திலும் வீட்டின் முன்புறத்து மணல்வெளிதான் முற்றம். மலையாளத்திலும் அப்படியே. நாலுகெட்டு வீட்டின் உள்ளே இருக்கும் திறந்தவெளியைச் சொல்லவேண்டுமானால் மலையாளி ‘நடு’ என்று ஒரு அடைமொழி போட்டு நடுமுற்றம் என்கிறார். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலும் அது நடுமுற்றந்தான். உள்ளே இருப்பதைச் சொல்ல அடைமொழி தேவைப்படுகிறது என்றால், அடைமொழி இல்லாத முற்றம் வெளியேதான் இருந்திருக்கவேண்டும்.

ஆக, முற்றம் இடம் மாறியிருக்கிறது. வாசலுக்கு வெளியே இருந்தது கூடத்தைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. இதே பயணத்தை இன்னொரு சொல்லும் செய்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வளவு என்றால் வேலி போட்ட மனை முழுவதும்: வீடு, கிணறு, பனை, தென்னை எல்லாம் அடக்கம். செட்டிநாட்டில் முகப்பைத் தாண்டி உள்ளே போனால் வரும் முதல் கட்டுக்கு வளவு என்று பெயர். நடுவில் வானம், சுற்றிலும் தூண் வரிசை, தாழ்வாரம், அறைகள். (சிங்களத்தில் பிரபுக்களின் மாளிகைக்கு வழங்கும் ‘வலவ்வ’ என்ற சொல்லையும் இதன் உறவாகச் சொல்பவர்கள் உண்டு.)

ஏன் உள்ளே வந்தது? பெண்களின் தனிமை, திருட்டு பயம், சாஸ்திரம் என்று பல காரணம் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது சாதாரணமான ஒன்று. வீடுகள் தெருவாகச் சேர்ந்து, பக்கத்துச் சுவரோடு சுவர் ஒட்டியபின் பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியில்லை. முன்புறத்தைத் திண்ணையும் தெருவும் எடுத்துக்கொண்டன. வெளிச்சமும் காற்றும் வேண்டுமென்றால் கூரையின் நடுவைத் திறக்கவேண்டும். தஞ்சாவூர் அக்ரகாரத்து வீடுகள் குறுகலாகவும் நீளமாகவும் இருப்பதால் ரேழி, கூடம் என்று போகும் வரிசையில் முற்றம் இல்லாவிட்டால் பகலிலும் விளக்கு வேண்டியிருக்கும். அங்கே அதன் பெயர் ‘மித்தம்’.

முற்றத்தைக் குறிக்கும் வடமொழியின் அங்கணமும் தமிழுக்கு வந்தது. வந்த இடத்தில் மதிப்பிழந்தது. வள்ளுவர் 720ஆம் குறளில் அமிழ்தம் கொட்டி வீணாகும் அழுக்கிடமாக அதைக் காட்டுகிறார். தென்மாவட்டத்துச் சமையலறைகளில் பாத்திரம் கழுவித் தண்ணீர் விடும் மூலைக்கு அங்கணம், அங்கணக்குழி என்பதே பெயர். வடக்கே அதே சொல் ‘ஆங்கன்’ என்று மரியாதையோடு முற்றமாகவே இருந்தது. 1975 அக்டோபர் 2இல் மத்திய அரசு குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது அந்த முற்றம் அங்கன்வாடியாக நம் தெருக்களுக்கும் வந்து சேர்ந்தது. சத்துமாவு வாங்கப் போகிறவர்களுக்கு அது முற்றத்தின் பெயர் என்று தெரியாது. தெரியாததால் குறையும் இல்லை.

செட்டிநாட்டில் கொஞ்சம் நிற்கவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1940கள்வரை எழுந்த அந்த வீடுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல் என்று பொருள்களில் மயங்கிவிடுகிறார்கள். எனக்கு அதிசயம் கூரையின் சரிவு. நான்கு பக்கத்து ஓடும் உள்நோக்கிச் சாய்ந்து மழையை வளவுக்குள் தள்ளுகிறது. மூலைகளில் அண்டாவும் கிடாரமும் வைத்துப் பிடித்தது போக மிஞ்சியது கல்தளத்தின் வாட்டத்தில் ஓடி, வடிகால் வழியாகத் தெருவுக்கும் அங்கிருந்து ஊருணிக்கும் போகும்படி ஊரையே அமைத்திருக்கிறார்கள். வறண்ட பூமியில் பணம் படைத்தவர்கள் கட்டிய பகட்டு மாளிகைதான். ஆனால் பகட்டின் நடுவே ஒரு துளி தண்ணீரும் வீணாகாத கணக்கு இருக்கிறது. 2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, நாம் குழாயையும் குழியையும் தனியாக வாங்கிப் பொருத்தினோம். செட்டிநாட்டில் வீட்டின் வடிவமே அந்த வேலையைச் செய்துவிட்டது.

2014இல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. மறுபக்கம், பாகப்பிரிவினையில் சிக்கி இடிக்கப்பட்ட வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. அவை கடற்கரைச் சாலை விடுதிகளிலும் சென்னை உணவகங்களிலும் போய் நிற்கின்றன. தூணை வாங்கலாம், கதவை வாங்கலாம். முற்றத்தைக் கழற்றி விற்க முடியாது, அது வெறும் வெளி. பாரம்பரிய பாணி என்று இன்று கட்டப்படுபவற்றில் தூண் இருந்தும் முற்றம் இல்லாமல்போவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, வீடுகளை முழுசாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியதால்தான் அங்கே முற்றமும் கூடவே வந்தது.

அப்படிப் பிரித்து நகர்த்தப்பட்ட இன்னொரு வீட்டைச் சொல்லவேண்டும். இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பு ஆல்ஃப்ரட் பிளேஸில் எனா டி சில்வாவுக்கு ஒரு வீடு கட்டினார். அப்போது நகரத்தின் வழக்கம், மனையின் நடுவில் பங்களா, சுற்றிலும் புல்தரை. பாவா அதைத் தலைகீழாக்கினார். தெருப்பக்கம் சுவர்; உள்ளே போனால் பெரிய முற்றம்; அதைச் சுற்றி அறைகள்; ஓட்டுக்கூரையின் இறவாரம் ஆழமாக இறங்கி வெயிலைத் தடுக்க, மழை நடுவில் தாராளமாக விழும். கண்டியச் சிங்கள வீடு, ஒல்லாந்தர் வீடு, முஸ்லிம்களின் நகரத்து வீடு மூன்றின் நினைவும் அதில் உண்டு. எதன் நகலும் இல்லை. சிறிய நகர்மனையில் தனிமையோடும் காற்றோடும் வாழ முடியும் என்று காட்டியதால், இலங்கையில் பின்னால் வந்த பல வீடுகளுக்கு அது தாய் ஆயிற்று. நிலம் கைமாறி வீடு இடிபடும் நிலை வந்தபோது ஒவ்வொரு பகுதிக்கும் எண் போட்டுப் பிரித்து, பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் மறுபடி எழுப்பினார்கள். பாவா நமக்கும் அந்நியரல்லர். 1970களில் மதுரை கிளப்பைக் கட்டியவரும், சென்னை கன்னிமாரா ஓட்டலைப் புதுப்பித்தவரும் அவரே.

இந்தியக் கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் கொரியா வேறு வழியில் போனார். அகமதாபாத்தில் சபர்மதிக் கரையில் 1963இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் ஆறு மீட்டர் சதுரக் கட்டங்களை அடுக்கினார். செங்கல் தூண், மேலே ஓட்டுக்கூரை. சில கட்டங்களுக்குச் சுவர் உண்டு, சிலவற்றுக்கு இல்லை, நடுவே ஒன்றில் தண்ணீர். கூரைகளைத் தாங்கும் கான்கிரீட் உத்தரங்களை வாய்க்கால்போல் வார்த்திருக்கிறார். மழைநீரும் அவற்றிலேயே ஓடி வெளியேறும். நக்கீரரின் அம்பணத்தை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. முற்றத்தை மனசாரக் கட்டுகிறவன் தண்ணீரைப் பற்றி யோசிக்காமல் இருக்க மாட்டான், அவ்வளவுதான்.

வானத்துக்குத் திறந்த வெளி என்பது கொரியா தன் வாழ்நாள் முழுதும் எழுதிப் பேசிய சொல்லாட்சி. ஆங்கிலத்தில் அதன் (ஓபன் டு ஸ்கை) முதலெழுத்துகள் மூன்றும் நம் ஊர்ப் பொறியாளர்களின் வாயில் அன்றாடம் புழங்குகின்றன: ஓ.டி.எஸ். வரைபடத்தில் ஓ.டி.எஸ். என்று எழுதியிருந்தால், குளியலறைக் காற்றாடிகள் வாய் திறக்கும், கழிவுநீர்க் குழாய்கள் இறங்கும், புறாக்கள் குடியிருக்கும் மூன்றடி நான்கடிச் சந்து என்று புரிந்துகொள்ளவேண்டும். வானம் தெரிவது உண்மை. தலையை நீட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. விளம்பரத்துக்கு வரும்போது இன்னொரு சொல் தேவைப்படுகிறது. அங்கே அது கோர்ட்யார்டு. முற்றம் என்ற சொல் இரண்டிலும் இல்லை.

கோர்ட்யார்டு வைத்துக் கட்டும் வீடுகளில் வேலை முடிந்ததும் ஒரு கூட்டம் கூடும். மழை பெய்தால் சாரல் அடிக்குமே, தூசி வருமே, குரங்கு இறங்குமே. கேள்விகள் நியாயமானவை. பழைய வீடுகளிலும் குரங்குக்கும் திருடனுக்கும் பயந்து முற்றத்துக்கு மேல் இரும்புக் கம்பி போட்டார்கள். கம்பி காற்றை மறிக்கவில்லை. இன்று போடுவது கண்ணாடி, அல்லது பாலிகார்பனேட் தகடு. வெயில் உள்ளே வரும், சூடேறிய காற்று மேலே போக வழியில்லை. இரவில் குளிர்ந்து இறங்கும் காற்றும் வராது. முற்றத்தின் இயக்கமே இந்த இரண்டும்தான். கடைசியில் கூடத்தைக் குளிர்விக்க ஏ.சி. வாங்குகிறார்கள். மழையைக் கேட்காமல் முற்றத்தை மட்டும் கேட்பவருக்கு, நல்ல ஜன்னல் இரண்டு வைத்துக்கொள்ளச் சொல்வேன், செலவு குறையும்.

இதற்கிடையில் சொல் தன் போக்கில் வேறு வேலைக்குப் போயிருக்கிறது. தஞ்சாவூரை அடுத்த விளாரில் 2013 நவம்பரில் திறக்கப்பட்ட ஈழப்போர் நினைவிடத்துக்கு மண்டபம் என்றோ இல்லம் என்றோ பெயர் வைக்கவில்லை, முள்ளிவாய்க்கால் முற்றம் என்று வைத்தார்கள். பலர் வந்து நின்று நினைக்கும் பொதுவெளிக்கு அந்தச் சொல்லைத் தேர்ந்தது, தெரிந்தோ தெரியாமலோ, அதை வீட்டுக்குள்ளிருந்து மறுபடி வெளியே கொண்டுவந்துவிட்டது.

வெளியே கொண்டுவந்த கட்டடமும் உண்டு. நவி மும்பையின் பேலாப்பூரில் 1980களின் நடுவில் கொரியா அமைத்த குடியிருப்பில் ஏழு வீடுகள் சேர்ந்து ஒரு சிறு முற்றத்தைச் சூழும். அப்படி மூன்று தொகுதிகள் சேர்ந்து இன்னொரு பெரிய முற்றத்தைச் சூழும். எந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் கிடையாது. வருமானம் கூடினால் அவரவர் இடத்தில் அவரவர் விருப்பப்படி கட்டிக்கொள்ளலாம் என்பதற்காக அப்படி வைத்தார். மக்களும் தயங்காமல் கட்டினார்கள். கொரியாவின் ஓட்டுவீடுகள் பலவற்றை இடித்துவிட்டு இரண்டு மாடி, மூன்று மாடி எழுப்பிவிட்டார்கள். நடுவிலிருக்கும் முற்றங்கள் பெரும்பாலும் அப்படியே கிடக்கின்றன. ஏழு வீட்டுக்கும் பொதுவானதற்கு மேலே யார் ஒருவர் கண்ணாடி போட முடியும்?