கறுப்புக் கட்டையில் ஒரு துப்பு

ஒரே இசைத்தட்டின் இரண்டு டிஜிட்டல் பிரதிகள். ஒன்று ஒரு கட்டை ஸ்ருதியில் ஒலிக்கிறது. மற்றது அதற்கும் ஏழு கட்டைக்கும் நடுவே தொங்குகிறது. பேகம்பூரில் ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு டிஜிட்டல் பியானோவில் இரண்டையும் தொடர்ந்து வாசித்துப் பார்த்தேன். முதலாவதோடு விரல் ஒட்டியது. இரண்டாவதோடு எந்தக் கட்டையும் ஒட்டவில்லை.

தட்டு, கல்கத்தாவில் டெடி வெதர்ஃபோர்டின் குழு பதிவு செய்த நடனப் பாட்டு. இன்று யாரும் வாசிக்காதது. 1903இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்தவர் வெதர்ஃபோர்டு. 1926இல் சிகாகோவில் எர்ஸ்கின் டேட்டின் குழுவில் லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு ‘ஸ்டாடிக் ஸ்ட்ரட்’ பதிவில் பியானோ வாசித்தார். அந்த ஆண்டே ஆசியாவுக்குக் கப்பலேறினார். ஷாங்காய், பம்பாய், கடைசியாகக் கல்கத்தா கிராண்ட் ஹோட்டல். அவரோடு சிகாகோவில் ஒப்பிடப்பட்ட பியானோக்காரர் எர்ல் ஹைன்ஸ் ஊரிலேயே இருந்து உலகப் புகழ் பெற்றார். நம்மவர் கிழக்கே வந்ததால் ஜாஸ் வரலாற்றில் அடிக்குறிப்பானார். இது எனக்கு இன்றும் உறுத்துகிற கணக்கு.

ஸ்ருதிக்கு வருகிறேன். 78 சுழற்சித் தட்டு என்பது பெயருக்குத்தான். பழைய தட்டுகளில் 80இல் சுழல வேண்டியவையும் உண்டு. 80இல் பதிந்ததை 78இல் ஓட்டினால் ஸ்ருதி 44 சென்ட் இறங்கும். அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம் 100 சென்ட். அதனால்தான் இரண்டாவது பிரதி எங்கும் ஒட்டாமல் நின்றது. பியானோவின் ட்யூனிங்கை 440 ஹெர்ட்ஸிலிருந்து மெல்லக் கீழே இறக்கினால் அதோடும் சேர்ந்து வாசிக்கலாம். ஆனால் எது அவர் வாசித்த ஸ்ருதி என்று அது சொல்லாது. ஒட்டுகிற முதல் பிரதியும் சாட்சியாகாது. டிஜிட்டலாக்கியவர் காதுக்கு இதமாக இருக்கட்டுமென்று வேகத்தை ஏற்றி ஒரு கட்டையில் உட்கார வைத்திருக்கலாம். லேபிளுக்கு வெளியே பொறித்த மேட்ரிக்ஸ் எண் எந்தப் பதிவு என்று காட்டும், வேகத்தைக் காட்டாது.

துப்பு விரலில் கிடைத்தது. ப்ளூஸ் பியானோக்காரர் ஒரே விரலால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குச் சறுக்குவார். கறுப்புக் கட்டை மேடு, வெள்ளைக் கட்டை பள்ளம். மேட்டிலிருந்துதான் சறுக்க முடியும். ஒரு கட்டை ஸ்ருதியில் சின்ன காந்தாரத்திலிருந்து பெரிய காந்தாரத்துக்குப் போவது கறுப்பிலிருந்து வெள்ளைக்கு: விரல் தானாக வழுக்கும். ஏழு கட்டையில் அதே நகர்வு வெள்ளையிலிருந்து கறுப்புக்கு ஏறுவது. இரண்டு விரல் வேண்டும். ஒலியும் தனித்தனியாகப் பிரிந்து விழும். டிரான்ஸ்போஸ் பொத்தானை அணைத்துவிட்டு இரண்டு விதமாகவும் வாசித்துப் பார்த்தேன் (அந்தப் பொத்தான் இருக்கும் வரை விரல் பொய் சொல்லும்). தட்டில் கேட்கும் அந்தக் குழைவு, ஒரு கட்டையில்தான் வந்தது.

நீதிமன்றத்தில் இது செல்லாது. எதிர்வாதமும் எனக்கே தெரியும்: பெரிய கைக்காரர் ஏழு கட்டையிலும் நெளிப்பார். வெதர்ஃபோர்டு பத்தாம் சுரம் வரை இடது கையை விரித்தவர். அதற்காக அவர் 1937இல் பாரிஸில் ‘ஸ்விங்’ நிறுவனத்துக்குத் தனியாக வாசித்த தட்டுகளைத் தேடிப் பிடித்தேன். ‘வெதர் பீட்டன் ப்ளூஸ்’ உட்பட அவற்றில் பின்னணியில் வேறு வாத்தியம் கிடையாது; கை நடமாட்டம் முழுதாகக் காதில் விழும். கையெழுத்தை ஒப்பிட அதைவிட நல்ல ஆவணம் இல்லை.

கல்கத்தாத் தட்டுகளில் அந்த வசதி குறைவு. குழுவுக்கும் பாடகருக்கும் போக, பியானோ தனியே கேட்பது சில விநாடிகள். பிற்காலத்தில் ப்ளூஸ் பாடகராகப் பெயரெடுத்த ஜிம்மி விதர்ஸ்பூன், கப்பல் தொழிலாளியாக வந்து இந்தக் குழுவோடு பாடினார். வெதர்ஃபோர்டையே கேட்க வழியில்லை: 1945 ஏப்ரல் 25இல் காலரா அவரைக் கொண்டுபோனது, வயது 41. இப்போது அந்தச் சில விநாடிகளை மட்டும் வெட்டி எடுத்து, பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஒவ்வொன்றிலும் காந்தாரச் சறுக்கல் இருக்கிறதா என்று கேட்டுவருகிறேன்.