சூத்திரத்துக்கு உடைமையாளர் யார்?

2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆம் நாள், அமெரிக்க நீதிமன்றமொன்றின் தடையுத்தரவினால் ஒரு கணிதக் கலைக்களஞ்சியம் மூடப்பட்டது. எறிக் வைஸ்ரைன் என்பார் மாணவராயிருந்த காலந்தொட்டுச் சேர்த்துவந்த குறிப்புகளின் திரட்டு அது. 1990களின் நடுவில் அதனை எவரும் விலையின்றிப் படிக்குமாறு அவர் இணையத்தில் இட்டார். படித்தவர்கள் பிழைகளைச் சுட்டி எழுதினர். புதிய குறிப்புகளை அனுப்பினர். 1998இல் சீ.ஆர்.சீ. பதிப்பகம் அதனை நூலாக வெளியிட்டது. பின்னர் வொல்ஃப்ராம் கம்பெனியின் ஆதரவில் 'மத்வேர்ல்ட்' என்னும் பெயருடன் இணையப் பதிப்புத் தொடரவே, ஒப்பந்தத்தின்படி உரிமை தமக்கே உரியதென்று பதிப்பகத்தார் வழக்குத் தொடுத்தனர். ஓராண்டுக்கு மேல் மூடிக்கிடந்த அத்தளம், 2001 நவம்பரில் இரு தரப்பாரும் இணங்கிக்கொண்ட பின்னரே மீண்டும் திறக்கப்பட்டது.

பைதகரசின் தேற்றத்துக்கு உடைமையாளர் இல்லை என்பதைப் பள்ளிப்பிள்ளையும் அறியும். ஆனால் அத்தேற்றத்தை விளக்கும் வசனத்துக்கு உடைமையாளர் உண்டு. ஊர்ப் பொதுக்காணியைச் சுற்றி ஒருவர் வேலி அடைத்துக்கொள்வது போன்றதே இதுவும். வாசகர்கள் இலவசமாக அனுப்பிய திருத்தங்களும் அவ்வேலிக்குள் அகப்பட்டுக்கொண்டன என்பது மனங்கொள்ளத்தக்கது.

இந்த மூடலுக்கு விடையாக எழுந்ததே 'பிளனெற்மத்'. வேர்ஜீனியாத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நேதன் எகி, ஏரன் குறோன் ஆகியோர் அதனைத் தொடங்கினர். எவரும் படியெடுக்கலாம், திருத்தலாம், விற்கவுங் கூடும்; ஆனால் அவ்வாறு செய்பவர் தாம் பெற்ற உரிமையைப் பிறருக்கும் விட்டுவைத்தல் வேண்டும் என்னும் உரிமப் பத்திரத்தின் கீழ் அதன் கட்டுரைகள் எழுதப்பட்டன. தனியுடைமையைக் காக்க இயற்றப்பட்ட சட்டத்தைக் கொண்டே பொதுவுடைமைக்குக் காவலிட்ட இவ்வுபாயம் நம் காலத்தின் நல்ல கண்டுபிடிப்புகளுள் ஒன்றென்பேன். 2001 ஜனவரி 15ஆம் நாள் தோன்றிய விக்கிப்பீடியாவும் அதே உரிமத்தையே மேற்கொண்டது. ஆதலால் பின்னாளில் ஒன்றிலிருந்த கணிதக் கட்டுரைகள் மற்றதற்குத் தடையின்றிச் சென்றன.

விக்கிப்பீடியாவுக்கு முந்தியது நுப்பீடியா. கலாநிதிப் பட்டம் பெற்ற அறிஞரே அதன் கட்டுரைகளைச் சோதித்தல் வேண்டும்; சோதனையோ ஏழு படிகளைக் கொண்டது. முதலாண்டில் நிறைவெய்திய கட்டுரைகள் பன்னிரண்டு! அதற்குத் துணையாகத் தொடங்கப்பட்ட விக்கிப்பீடியா, வாயிலைத் திறந்துவிட்டமையாலேயே வளர்ந்தது. கணிதம் எழுதுவோர்க்குச் சூத்திரங்களை அச்சுக்கோத்தல் பெருந்தொல்லையாயிருந்தது. 2003 ஜனவரியில் 'ரெக்' முறை அதிற் சேர்க்கப்பட்டதும் அத்தொல்லை பெரிதுங் குறைந்தது. அம்முறையும், டொனால்ட் குனூத் என்னும் கணினி அறிஞர் தமது நூலின் அச்சுப்படியின் அவலட்சணத்தைப் பொறுக்கமாட்டாது 1970களின் பிற்பகுதியில் ஆக்கி, உலகுக்கு இலவசமாக வழங்கியதே.

பட்டமில்லாதவனும் திருத்தலாமெனின் பிழை மலியாதோ என்று வினவுவர். சரித்திரத்தை நோக்குவோம். பிரான்சில் 1751 முதல் திதெரோவும் தலம்பேரும் வெளியிட்ட மாபெருங் கலைக்களஞ்சியத்தில் கணிதப் பகுதி தலம்பேருடையது. ஐரோப்பாவின் தலைசிறந்த கணித மேதைகளுள் ஒருவர் அவர். 1754இல் வெளிவந்த நான்காம் தொகுதியில், நாணயமொன்றை இருமுறை சுண்டினால் ஒருமுறையேனும் தலை விழுவதற்கான நிகழ்தகவு மூன்றில் இரண்டு என்று அவர் எழுதினார். முதல்முறையே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. ஆகவே நிகழ்ச்சிகள் மூன்றே என்பது அவர் கணக்கு. அம்மூன்றும் சமவாய்ப்புடையன அல்ல என்பதை அவர் காணவில்லை. சரியான விடை நான்கில் மூன்று. 1757இல் ஏழாம் தொகுதியில் ஜெனீவாப் பேராசிரியரொருவரின் மறுப்பும் அச்சாயிற்று. எனினும் நான்காம் தொகுதியை வாங்கியவர் வீட்டில் அப்பிழை பிழையாகவே கிடந்தது.

1990இல் இதே கதை மறுபுறமாக நிகழ்ந்தது. மூன்று கதவுகளுள் ஒன்றின் பின்னாற் பரிசு. ஒருவர் ஒரு கதவைத் தெரிகிறார். விடையறிந்த நடத்துநர் வேறொரு வெற்றுக் கதவைத் திறந்துகாட்டி, தெரிவை மாற்ற விருப்பமா என வினவுகிறார். மாற்றுவதே நன்று என்று மரிலின் வொஸ் சவாந்த் என்னும் பெண் எழுத்தாளர் எழுதியபோது, ஏறத்தாழப் பதினாயிரம் கடிதங்கள் குவிந்தன. மிகப் பலர் அவர் பிழையென்றனர். கலாநிதிகள் மட்டும் ஏறக்குறைய ஆயிரவர். அவர் கூற்றே சரி. இப்புதிர்பற்றிய ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரையின்மீது தொண்டர்கள் ஆண்டுக்கணக்காக வாதிட்டனர். விடையில் அவர்களுக்குப் பிணக்கில்லை. எளிய விளக்கமே போதுமா, நிபந்தனை நிகழ்தகவு இன்றியமையாததா என்பதே பிணக்கு. 2011இல் அது விக்கிப்பீடியாவின் நடுவர் குழுவரை சென்றது. வீண் சண்டை என்பார் உளர். ஆயினும் ஒவ்வொரு திருத்தமும் ஒவ்வொரு வாதமும் அங்கே எவரும் படிக்கக் கிடக்கின்றன. தலம்பேரின் மேசையில் என்ன நடந்ததென்பது நமக்கு எங்ஙனம் தெரியும்?

பிறிதொரு செய்தியும் உண்டு. பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் ஏறத்தாழப் பதினேழாயிரம் கட்டுரைகளை எழுதியவர் ஷோக்கூர். கூலி பெறாது எழுதிய அம்மனிதர், தமது எழுத்தர்களுக்குச் சம்பளங் கொடுக்கத் தம் பாரிசு வீட்டை விற்றார். வாங்கியவர் யார்? அவர் உழைப்பால் ஆதாயமீட்டிய பதிப்பாளர் லெ பிரெத்தோனே! இன்று தொண்டர்கள் இராக்கண் விழித்துத் திருத்திய கட்டுரைகளைத் தேடற்பொறிக் கம்பெனிகளும் செயற்கை நுண்ணறிவுக் கம்பெனிகளும் தம் சரக்காக்கிக்கொள்கின்றன. உரிமம் விற்பனையைத் தடுக்கவில்லை. வேலியைத் தகர்த்தமை பெரிது. ஆயினும் உழைப்பவர் ஒருவர், ஆதாயம் பெறுபவர் வேறொருவர் என்னும் பழைய கணக்கு அதனால் தீர்ந்துவிடவில்லை.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதன் தொடக்ககாலத் தூண் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன். அங்கே கணிதம் எழுதுவோர் எதிர்ப்படும் சிக்கல் ஆங்கிலத்தில் இல்லாதது. எமது பாடநூல்களின் அட்சரகணிதம் தமிழ்நாட்டில் இயற்கணிதம். எமது கேத்திரகணிதம் அங்கு வடிவியல். நிரல் நிரையாக எண்களை அடுக்கும் அமைப்பை நாம் தாயம் என்போம், அவர்கள் அணி என்பர். தாயம் என்றதும் தமிழ்நாட்டு வாசகர்க்கு உருட்டி விளையாடும் காய் நினைவுக்கு வரும். அணி என்றதும் என் வகுப்பு மாணவர்க்கு உவமையும் உருவகமும். எப்பெயரைத் தலைப்பாக இடுவதென்பதைத் தீர்க்க அரசாங்கச் சொல்லாக்கக் குழு எதுவும் அங்கில்லை. இரு கரையாரும் பேசித்தான் தீர்த்தல் வேண்டும். ஒரு பெயர் தலைப்பாகின், மற்றப் பெயரைத் தேடுவோரை அக்கட்டுரைக்கே கொண்டுசேர்க்க 'வழிமாற்று' என்றொரு பக்கம் இடுவர். ஒற்றை வரிதான் அது. கிளிநொச்சியிலோ மூதூரிலோ இருந்து 'தாயம்' என்று தட்டும் பிள்ளைக்காக, அவ்வரியையும் யாரோ ஒருவர் அமர்ந்து எழுதவேண்டியிருக்கிறது.