'மிஸ் சேலம்' 1999: அழகிப் போட்டியில் ஊர்ப்பெயரின் இடம்

1996 நவம்பர் 23 அன்று பெங்களூர் சின்னசாமி விளையாட்டரங்கில் நடந்த உலக அழகிப் போட்டியைப் பற்றி ஆராய்கிற எவரும் ரூபல் ஓசாவின் வாசிப்பைத் தொடாமல் போக முடியாது. 2001-இல் 'சைன்ஸ்' (Signs) ஆய்விதழில் வந்த அவருடைய கட்டுரையும் 2006-இல் வந்த 'தி மேக்கிங் ஆஃப் நியோலிபரல் இந்தியா' என்ற நூலும் இத்துறைக்கு வழிகாட்டிகளாக இருக்கின்றன. போட்டியின் செய்திகள் பலரும் அறிந்தவை. அமிதாப் பச்சனின் ஏ.பி.சி.எல். நிறுவனம் அதை ஏற்று நடத்தியது. நீச்சலுடைச் சுற்று செஷல்ஸ் தீவுகளுக்குப் போனது. நவம்பர் 14 அன்று மதுரையில் ஓர் இளைஞர் எதிர்ப்புத் தெரிவித்துத் தீக்குளித்து இறந்தார். கிரேக்கத்தின் இரீனி ஸ்க்லீவா பட்டம் சூடினார்.

ஓசாவின் வாதத்தைச் சுருக்கினால் இப்படி வரும். போட்டியை எதிர்த்தவர்கள் ஓரணியில் நிற்கவில்லை. இந்துத்துவ அமைப்புகள் இந்தியப் பண்பாடு கெடுகிறது என்றன. கர்நாடக விவசாயித் தலைவர் நஞ்சுண்டசாமியின் சங்கம் பன்னாட்டு மூலதனத்தை எதிர்த்தது. இடதுசாரி மகளிர் அமைப்புகள் பெண்ணைச் சரக்காக்குவதைக் கண்டித்தன. ஆனால் இம்மூன்றும் வெவ்வேறு வழியாக வந்து ஒரே இடத்தில் சேர்ந்தன என்கிறார் அவர். உலகமயத்தின் மேல் எழுந்த அச்சமெல்லாம் பெண்ணின் உடல்மேல் இறக்கிவைக்கப்பட்டது. தேசத்தின் எல்லைக்கோடு அவள் உடலில் வரையப்பட்டது. போட்டியை நடத்தியவர்களும் எதிர்த்தவர்களும் அந்த உடலை 'இந்தியா'வாகவே கண்டார்கள். வலுவான வாதம். பெங்களூரின் அந்தச் சில மாதங்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தும் என்றே நானும் கருதுகிறேன்.

என் மறுப்பு அந்த மாதங்களுக்குப் பிறகு தொடங்குகிறது. தமிழ்நாட்டு அழகிப் போட்டிகளைப் பற்றி எழுதுகிறவர்கள், 1996-க்கு ஓசா கொடுத்த விளக்கத்தையே பிந்தைய முப்பது ஆண்டுகளுக்கும் விரித்துவிடுகிறார்கள். எந்த ஊரில் எந்த மேடை போட்டாலும் அங்கே தேசமும் உடலும் மோதிக்கொள்வதாகக் கொள்கிறார்கள். பெருநகரத்தில் உருவான சட்டகத்தைச் சேலம், நாமக்கல் போன்ற சமவெளி ஊர்களின்மேல் வைத்தால் அது பொருந்துவதில்லை. இங்கே அழகிப் போட்டி நுழைந்தபோது சுமந்து வந்தது ஊரின் பெயரை. பின்னர் தகராறுகள் எழுந்தபோதும் அவை பண்பாட்டிலிருந்து கிளம்பவில்லை. பரிசு, பணி, படிப்பு ஆகியவற்றிலிருந்தே கிளம்பின.

இதற்கு என் முதன்மைச் சான்று ஒரே ஒரு வரி. நடிகை திரிஷாவின் வாழ்க்கைக் குறிப்புகளில் அது வருகிறது: 1999-இல் 'மிஸ் சேலம்' பட்டமும், அதே ஆண்டில் 'மிஸ் சென்னை' பட்டமும் பெற்றார் என்பது. இரண்டாவதைச் சிலர் 'மிஸ் மெட்ராஸ்' என்றும் எழுதுகிறார்கள். நகரின் பெயர் 1996-இல் மாறிய பிறகும் இரண்டு பெயர்களும் சில ஆண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் புழங்கின. அதற்கு மேல் அந்த வேறுபாட்டில் பொருள் தேட வேண்டியதில்லை. படிப்பவர்கள் கண் 'மிஸ் சென்னை'யில் போய் நின்றுவிடும். 'மிஸ் சேலம்' ஒரு முன்குறிப்பாகக் கடந்துபோகும். நான் அதில்தான் நிற்க விரும்புகிறேன்.

முதலில் காலவரிசை. சென்னைப் பட்டத்துக்கு நாள் தெளிவாக இருக்கிறது: 1999 செப்டம்பர் 30. தன் வாழ்க்கை மாறிய நாள் என்று திரிஷாவே அதைப் பொதுவெளியில் நினைவுகூர்ந்திருக்கிறார். சேலம் பட்டத்துக்கு ஆண்டு மட்டுமே கிடைக்கிறது. சென்னைப் பட்டம் அதற்குப் 'பின்னர்' வந்தது என்ற வரிசையை ஏற்றால், சேலம் மேடை செப்டம்பர் 30-க்கு முன்னால் விழ வேண்டும். இங்கே இன்னொரு நாளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரசாந்தும் சிம்ரனும் நடித்த 'ஜோடி' 1999 செப்டம்பர் 9 அன்று திரைக்கு வந்தது. சிம்ரனின் தோழியாக ஒரு சிறு வேடத்தில் திரிஷா அதில் தோன்றுகிறார். சென்னைப் பட்டத்துக்கு மூன்று வாரம் முன்பே அவர் திரையில் இருந்தார் என்பது இதன் பொருள். 'அழகிப் பட்டம் வென்றார், அதனால் சினிமாவுக்கு வந்தார்' என்று வழக்கமாகச் சொல்லப்படும் கதை, சென்னைப் பட்டத்தை வைத்துச் சொன்னால் நாட்கணக்கில் இடிக்கிறது. சேலம் பட்டத்தை வைத்துச் சொன்னால் இடிக்காமலும் இருக்கலாம். ஆனால் சேலம் மேடை 'ஜோடி' படப்பிடிப்புக்கு முந்தியதா, பிந்தியதா என்பதை அந்த ஒரு வரியைக் கொண்டு தீர்க்க முடியாது. முந்தியது என்று சொல்ல எனக்கு ஆசைதான். சான்று அந்த அளவுக்கு இடம் தரவில்லை.

அடுத்தது இன்னும் முக்கியமானது. திரிஷா 1983 மே 4 அன்று சென்னையில் பிறந்தவர். சர்ச் பார்க் பள்ளியில் படித்தவர். சேலத்துப் பெண் அல்ல. அப்படியிருக்க, 'மிஸ் சேலம்' என்ற பட்டையை அவர் தோளில் அணிந்தபோது அவர் யாருடைய பிரதிநிதி? ஓசாவின் சட்டகத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அங்கே அழகி தேசத்தின் உருவம். தேசத்தின் மகளாக இருப்பதால்தான் அவள் உடல் சர்ச்சைக்கு உரியதாகிறது. வெளியூர்ப் பெண் ஒருவர் ஊரின் பெயரை ஏற்றுக்கொள்ள முடிந்தது என்றால், அந்தப் பட்டத்துக்குப் பிரதிநிதித்துவம் அடிப்படையாக இருந்திருக்க முடியாது. ஊர் தன் பெயரைக் கொடுத்தது; பெண் அதை எடுத்துக்கொண்டு அடுத்த மேடைக்குப் போனார். பட்டம் இங்கே ஒரு தகுதிச் சீட்டு. 2001 மிஸ் இந்தியா போட்டியில் 'அழகிய புன்னகை' விருதும், 2002 இறுதியில் 'மௌனம் பேசியதே' படத்தின் நாயகி வேடமும் அதே வழியில் வந்தவை.

இந்த வழி அப்போது ஏன் அவ்வளவு நேராக இருந்தது என்பதற்குத் தமிழ் சினிமாவே விடை தருகிறது. 1994-இல் உலக அழகியான ஐஸ்வர்யா ராயின் முதல் படம் 1997 ஜனவரியில் வந்த 'இருவர்'. அதே 1994-இல் பிரபஞ்ச அழகியான சுஷ்மிதா சென் 1997-இல் 'ரட்சகன்' படத்தில் நடித்தார். 2000-இன் உலக அழகி பிரியங்கா சோப்ராவின் முதல் படமும் தமிழ்தான், 2002-இல் வந்த 'தமிழன்'. உலக மேடையில் சூட்டிய கிரீடம் கோடம்பாக்கத்தில் இறங்கிய காலம் அது. சேலம் போன்ற ஊரின் மேடை இந்த வரிசையின் கீழ்ப்படிக்கட்டாக ஆனதில் வியப்பில்லை. ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊர் அது; சினிமாவுக்குப் போகும் பாதை அவ்வூருக்குப் புதிதல்ல.

சேலம் தன் பெயரை அப்போது ஏன் கொடுக்க விரும்பியது? இங்கே சான்று மெலிகிறது. ஆனாலும் அழுத்தியே வாதிடுவேன். 1994 ஜூன் 1 அன்று சேலம் மாநகராட்சியானது. 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. மூன்றாண்டுக்குள் ஊர் ஒருபுறம் உயர்ந்தது, மறுபுறம் பரப்பில் சுருங்கியது. லாரித் தொழிலையும் கோழிப்பண்ணைகளையும் விடுதிப் பள்ளிகளையும் நாமக்கல் தன் பெயரோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. மாநகரம் என்று சொல்லிக்கொள்ளச் சேலத்துக்கு மாநகரங்களில் நடப்பவை தேவைப்பட்டன. பெங்களூர் 1996-இல் உலகத்துக்குக் காட்ட விரும்பியதை, மூன்றே ஆண்டில் சேலம் சென்னைக்குக் காட்ட விரும்பியது என்பது என் ஊகம். ஏற்பாட்டாளர்களின் கணக்கு வெறும் வணிகமாகவும் இருந்திருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. வணிகமே என்றாலும், விற்கப்பட்டது ஊரின் பெயர் என்பது மாறாது.

இதற்கு இணையான சான்று ஒன்று கிழக்கே இருக்கிறது. சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலை போய்ச் சேரும் பக்கத்தில், சித்திரையில் கூத்தாண்டவர் திருவிழா நடக்கும் கூவாகம். திருநங்கையர் பங்கேற்கும் 'மிஸ் கூவாகம்' போட்டி அந்தக் கிராமத்தின் பெயரைத் தாங்குகிறது. மேடை வழக்கமாக விழுப்புரத்தில் போடப்படுகிறது. போட்டியாளர்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வருகிறார்கள். பட்டம் பெறுபவர் கூவாகத்தில் பிறந்தவராக இருக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. கூத்தாண்டவரான அரவானுக்குத் திருநங்கையர் தாலி கட்டிக்கொள்ள வந்து சேரும் இடத்தின் பெயர் அது. அந்தப் பெயரைச் சூடுவது அந்தக் கூட்டத்தில் ஓர் இடம் பெறுவது. 'மிஸ் சேலம்', 'மிஸ் கூவாகம்' இரண்டின் வரலாறும் வேறு, கண்ணியமும் வேறு. ஊர்ப்பெயர் வேலை செய்யும் முறை மட்டும் ஒன்று. தேசத்தின் எல்லைக்கோடு இவ்விரண்டு உடல்களிலும் வரையப்படவில்லை.

மாறாக, பிறந்த மண்ணின் பிரதிநிதியாக அழகி நிற்பது தமிழ்நாட்டில் முறைப்படி வந்தது காலந்தாழ்ந்துதான். ஃபெமினா மிஸ் இந்தியா 2017 முதல் மாநிலவாரியாகப் பெண்களைத் தேர்ந்தெடுத்தது. மறு ஆண்டு திருச்சியில் பிறந்த அனுகீர்த்தி வாஸ் 'தமிழ்நாடு' என்ற பெயரோடு போய் மிஸ் இந்தியாவானார். ஊரே மகிழ்ந்தது உண்மை. ஆனால் அந்த ஏணியில் சேலத்துக்கோ நாமக்கல்லுக்கோ தனிப் படி கிடையாது. 1999-இன் ஊர்ப்பெயரும் 2018-இன் மாநிலப்பெயரும் ஒரே வளர்ச்சியின் இரு கட்டங்கள் என்று கொள்வது பிழை. இரண்டும் இரண்டு வேறு ஏற்பாடுகள்.

இந்தச் சமவெளியில் ஒரு பெண்ணின் முகம் ஊரின் பெருமையாகத் தட்டியில் ஏறியது வேறொரு போட்டியில் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நாமக்கல், இராசிபுரம் பகுதிப் பள்ளிகள் மாநில அளவில் இடம்பிடித்த மாணவியரின் படங்களை நாற்சந்திகளில் வைத்தன. பெயர், மதிப்பெண், பள்ளி என்று. 2017 மே மாதத்தில் தமிழக அரசு தரவரிசை அறிவிப்பதையே நிறுத்தும் வரை அது நடந்தது. முகத்தைக் காட்சிக்கு வைப்பதில் இங்கே கூச்சம் இருக்கவில்லை. எதற்காக வைக்கிறோம் என்ற கேள்விதான் இருந்தது. இதைக் கவனிக்காமல் 'பழமையில் ஊறிய உள்மாவட்டம்' என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சர்ச்சைகளைப் பார்த்தால் இது மேலும் தெளிவாகிறது. 2015 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி டி.எஸ். சிவஞானம், அண்ணா பல்கலைக்கழகத்திலும் அதனோடு இணைந்த கல்லூரிகளிலும் மறு உத்தரவு வரும் வரை அழகிப் போட்டி நடத்தக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பச் சொன்னார். பொறியியல் படிக்கும் மாணவிக்கு மேடை நடையால் என்ன பயன் என்பதே நீதிமன்றம் எழுப்பிய கேள்வியின் சாரம். செய்தித்தாள்கள் இதைப் பண்பாட்டுத் தடையாகவே எழுதின. வழக்கு பிறந்த கதை வேறு. பல்கலைக்கழகக் கலைவிழாவில் பட்டம் வென்ற மாணவிக்குச் சொன்ன பரிசு வந்து சேரவில்லை என்று அவருடைய தாய் நீதிமன்றம் போனார். வாதி கேட்டது வாக்களித்த பரிசை. கிடைத்தது போட்டிக்கே தடை. சேலத்துப் பொறியியல் கல்லூரிகளும் திருச்செங்கோடு, இராசிபுரம், நாமக்கல் வட்டாரத்தில் நெருங்கி நிற்கும் பொறியியல் கல்லூரிகளும் அந்தச் சுற்றறிக்கையின் எல்லைக்குள் வந்தன. அங்கே படித்த பெண்களிடம் ஒரு சொல்லும் கேட்கப்படவில்லை என்பதை வருத்தத்தோடு பதிவு செய்ய வேண்டும்.

2022 ஜூலை இறுதியில் மயிலாடுதுறை மாவட்டம் செம்பனார்கோவிலில் நடந்த அழகிப் போட்டியும் இந்த வகைதான். பாதுகாப்புக்குப் போன காவலர்களில் சிலர் மேடையேறி நடந்தார்கள். ஐந்து பேர் இடமாற்றம் செய்யப்பட்டார்கள். தண்டிக்கப்பட்டது பணி ஒழுங்கை மீறியது. செம்பனார்கோவில் அளவு ஊரில் அழகிப் போட்டி நடப்பதே தவறு என்று பெரிய எதிர்ப்பு எதுவும் கிளம்பவில்லை. 1996-இல் மதுரையில் ஓர் உயிர் போனதையும் இதையும் அடுத்தடுத்து வைத்தால், கால் நூற்றாண்டில் சர்ச்சையின் இடம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது தெரியும்.

பெங்களூரின் கதையே கடைசியில் கணக்கில்தான் போய் நின்றது. ஏ.பி.சி.எல். கடனில் மூழ்கியது. பண்பாடு என்று கத்தியவர்களோடு, சந்தையைப் பற்றியும் செலவைப் பற்றியும் கேட்ட இடதுசாரி மகளிர் அமைப்புகளையும் ஓசா ஒரே முடிச்சில் கட்டிவிட்டதுதான் அவர் வாசிப்பின் பெரிய குறை என்று நினைக்கிறேன். யார் நடத்துகிறார்கள், யாருக்கு லாபம், பெண்ணுக்கு என்ன கிடைக்கிறது என்று அவர்கள் கேட்டதை உடலின்மேல் ஏற்றிய அச்சம் என்று சொல்லிவிட முடியாது. 2015-இல் ஒரு தாய் நீதிமன்றத்தில் கேட்டதும் ஏறக்குறைய அதையே.

ஓசாவின் பக்கம் நின்று ஒரு மறுப்பு எழுப்பலாம். சேலம் மேடைக்கு எதிர்ப்பு வந்ததாகப் பதிவில்லை என்பது எதிர்ப்பே இல்லை என்பதாகாது. உள்ளூர்ப் போராட்டங்கள் பெருநகர ஏடுகளில் ஏறாமலே போவதுண்டு. பதினைந்தோ பதினாறோ வயதான பெண் ஒருவர் வெளியூர் மேடையில் நடந்ததைப் பற்றிச் சேலத்து வீடுகளில் என்ன பேசினார்கள் என்பதை ஒரு வாழ்க்கைக் குறிப்பு சொல்லாது. இந்த மறுப்பை நான் தள்ளவில்லை. ஆனால் அப்படி ஓர் எதிர்ப்பு நாளை வெளிப்பட்டாலும், அது 'இந்தியப் பெண்' என்ற பெயரில் எழுந்ததா, 'சேலத்துக்குச் சேலத்துப் பெண் இல்லையா' என்று எழுந்ததா என்பதைப் பார்த்த பிறகே ஓசாவின் சட்டகத்தை இந்தச் சமவெளிக்குக் கொண்டுவர முடியும்.